சின்ன நயினார் எழுதிய வசனம்

திரையில் அந்தப் பெண்ணின் வாய் திறந்து மூடிவிட்டது. குரல் வரவில்லை.

மூன்றாவது முறையும் அதே கதைதான். தோட்டத்து மாளிகையின் படிக்கட்டில் முதலாளி நிற்கிறார். கீழே, வெயிலில், அவள் தலை குனிந்து நிற்கிறாள். அவர் ஏதோ கேட்கிறார். அவள் இரண்டே சொல்லில் பதில் சொல்கிறாள். மைக்கின் முன்னால் நின்ற மலர் மட்டும் உதட்டை அசைக்கவில்லை.

(மேலே பாருங்கள். முதலாளிக்கு 'ர்' போட்டிருக்கிறேன், அவளுக்கு 'ள்'. யாரும் சொல்லித் தரவில்லை. என் பேனா தானாகவே செய்கிறது. இந்த வாரக் கட்டுரை அந்தப் பேனாவைப் பற்றியது.)

இடம், லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடி. சுவரெல்லாம் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தோம். ஹீட்டர் போட்டால் அதன் உறுமல் மைக்கில் விழும். ஆகவே நிறுத்திவிட்டு, மூன்று பேரும் குளிர்கோட்டுக்குள் இருந்தபடி அமெரிக்கப் பருத்தித் தோட்டத்து வெயிலுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து புதுச் சேலையின் கஞ்சி வாசனையும் பக்கத்துக் கடை மீன் வாசனையும் கலந்து வந்தன.

"இன்னொரு டேக் போவோமாக்கா?" என்றார் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து சரவணன். மலேசியா, ஈப்போக்காரர். படிக்க வந்து, பொறியியலாளராகி, வாரநாட்களில் ஏதோ ஒரு கம்பெனிக்கும் சனிக்கிழமைகளில் தமிழுக்கும் உழைப்பவர்.

மலர் ஹெட்போனைக் கழற்றினார்.

"அண்ணை, இந்தச் சொல் ஆர் போட்டது?"

"நான்தான்," என்றேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பாராட்டப் போகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"நான் ஒருக்கால் கீழ போட்டு வாறன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மேசையில் அவருடைய வசனத்தாள் கிடந்தது. எல்லா வரிகளுக்கும் பென்சிலால் மூச்சு விடும் இடம் குறித்திருந்தார். அந்த ஒரு வரியில் மட்டும் குறியே இல்லை.

"ஓம், நயினார்."

தடித்த கையேடு

ஒரு காலத்தில் உலகமே உட்கார்ந்து அழுத தொலைக்காட்சித் தொடர் அது. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களின் கதை. பெயரைச் சொன்னால் என் வயது தெரிந்துவிடும், விட்டுவிடுவோம். அதை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி புதிதாக எடுத்திருந்தார்கள். தமிழ்க் குரல் கொடுத்து வெளியிடும் உரிமையை லண்டனில் ஒரு சிறிய இணையத் தொலைக்காட்சி வாங்கியிருந்தது. வசனம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைகளைப் படித்திருக்கிறார்கள் போல. அப்படியும் கூப்பிட்டார்கள்.

ஆங்கிலக் கம்பெனி ஒரு கையேடு அனுப்பியது. குழந்தையின் தலைக்கு அணையாக வைக்கலாம், அந்தத் தடிப்பு. பழைய தொடரில் நடந்த பிழைகள் புதியதில் நடக்கக்கூடாது என்பது அதன் சாரம். முதல் கட்டளை: 'அடிமை' என்று சொல்லக்கூடாது, 'அடிமையாக்கப்பட்டவர்' என்று சொல்லவேண்டும். அடிமை என்பது ஒருவருடைய இயல்பல்ல, அவருக்குச் செய்யப்பட்ட அநியாயம். நியாயமான பேச்சு. எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு உட்கார்ந்து உதட்டசைவுக்குப் பொருத்திப் பார்த்தேன். 'அடிமையாக்கப்பட்டவர்' என்று தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நடிகர் வாயை மூடி, குதிரையில் ஏறி, அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

கையேட்டில் இல்லாத சங்கதி ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே ஒன்றுதான். முதலாளிக்கும் அதே, நாய்க்கும் அதே. யாழ்ப்பாணத்தானுக்கு அப்படியா? நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 'நீர்' என்றால் ராஜா நாடகம் ஞாபகம் வரும். எங்களுக்கு அது அன்றாடப் பேச்சு. புருசன் பெண்சாதியைச் சொல்லுவது, வாத்தியார் வளர்ந்த மாணவனைச் சொல்லுவது, ஒத்த வயதுக்காரர் அறிமுகமான புதிதில் ஒருவரையொருவர் சொல்லுவது. சமமாக நின்றும் சொல்லலாம், மேலே நின்றும் சொல்லலாம். கீழே நின்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது.

'மாஸ்டர்' என்ற சொல்தான் பிரச்சினை. 'எசமான்' என்று எழுதினால் பழைய சினிமாவில் துண்டைக் கக்கத்தில் இடுக்கியவர் வந்து நிற்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் குளிக்கும்போது, ஷாம்பு கண்ணில் எரிய, அந்தச் சொல் வந்தது. நயினார். எங்கள் ஊர்ப்பக்கம் நிலம் உள்ளவர்களை, அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்கள் கூப்பிட்ட சொல். எவ்வளவு அசல்! எவ்வளவு மண்வாசனை! துவாயைக் கட்டிக்கொண்டே போய் எழுதினேன்.

எந்த அகராதியிலும் தேடவில்லை. என் காதிலேயே இருந்தது. அது எப்படி என் காதுக்குள் வந்தது என்று அந்த ஈரத்தோடு நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

எவடம்?

கொஞ்சம் குரோய்டனுக்குப் போய் வருவோம்.

அங்கே ஒரு பெரிய கட்டடம் இருந்தது. அகதி விண்ணப்பம் எல்லாம் அதற்குள்தான். நான் பல வருடம் மொழிபெயர்ப்பாளன். அதிகாரி கேட்பதைத் தமிழில் சொல்வேன், வந்தவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். நடுவில் நான் ஒரு குழாய், அவ்வளவுதான்.

"எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று அதிகாரி கேட்பார். நான் "ஊரில எவடம்?" என்பேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு ஊர்ப் பெயர் பதிலாகாது. ஊருக்குள் எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று போய்ப் போய், கடைசியில் ஆள் எந்தச் சாதி என்ற இடத்தில்தான் கேள்வி காலாறும். அதிகாரிக்கு மாவட்டம் தெரிந்தால் போதும். அந்த அறையில் முழுப் பதிலிலும் ஆர்வமுள்ள ஒரே ஆள், குழாய்தான்.

எனக்குச் சாதி பார்க்கும் பழக்கம் இல்லை என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். கேட்டுத் தெரிந்து மட்டும் வைத்துக்கொள்வேன்.

மலரிடமும் முதல் சனிக்கிழமையே கேட்டேன். "நீர் ஊரில எவடம்?" பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர், தமிழ் ரேடியோ நாடகங்களில் இருபது வருடமாக ராணியாகவும் மாமியாராகவும் ஒலித்தவர் என்று எனக்கு முன்பே தெரியும். குரலைக் கேட்டால் லண்டன் தமிழர் பாதிப்பேர் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

"டவுன்," என்றார்.

"டவுனில?"

"டவுன்தான் அண்ணை." சிரித்துக்கொண்டே தாளைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

டெக் வந்த நாள்

அந்தப் பழைய தொடரை நான் முதலில் பார்த்தது ஊரில். பள்ளிப் பருவம் முடிகிற காலம். ஒரு பெரியப்பா கொழும்பிலிருந்து வீடியோ கசெற்றுகள் கொண்டுவந்திருந்தார். டவுனிலிருந்து டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு வந்து இறங்கின. மத்தியானம் தொடங்கி இரண்டு நாள் ஓட்டம்.

பெரியவர்களுக்குக் கதிரை. பெண்களுக்கும் எங்களுக்கும் பாய். ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், எங்கள் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள். நின்றபடி. ஜன்னல் கம்பிகளுக்கிடையில் முகங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அழுதோம். சும்மா அழுகை இல்லை, மூக்குச் சிந்தி அழுதோம். ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்கும் காட்சியில் என் மாமி எழுந்து வெளியே போய்விட்டார். "மனிசரோ இவங்கள்?" என்று கேட்டுக்கொண்டே போனார். திரும்பி வந்து, கண்ணைத் துடைத்தபடியே, வெளியில் நின்றவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். அதற்கென்று புறம்பாக வைத்திருந்த போத்தல்களில்.

நாற்பது வருடமாக இந்தக் கதையை நான் பல விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். தொடரின் மகத்துவத்துக்கு உதாரணமாக. போத்தலை மட்டும் எப்போதும் விட்டுவிடுவேன். நேரம் கருதி.

படிக்கட்டில்

கால் மணி நேரம் கழித்து இறங்கிப் போனேன். சேலைக்கடையின் பின்பக்கப் படிக்கட்டில், பெட்டிகளுக்கு நடுவே, மலர் உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சொல்லை எசமான் எண்டு மாத்திறன். அஞ்சு நிமிச வேலை," என்றேன்.

"உங்களுக்கு அந்தச் சொல் எப்பிடித் தெரியும்?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். புத்தகத்தில் படித்தேன் என்றால் முடிந்தது. ஆனால் அந்தக் குரல் கேட்கும்போது பொய் சட்டென்று வருவதில்லை.

"என்னைக் கூப்பிட்டவை," என்றேன். "சின்னனில. சின்ன நயினார் எண்டு."

மலர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வழுக்கை, காதை மூடிக் கட்டிய மப்ளர், கையில் இரண்டு பேப்பர் கப்பில் கோப்பி. பிறகு சிரிக்கத் தொடங்கினார். பெட்டிகள் அதிரும்படி சிரித்தார்.

"அப்ப பெரிய நயினார்?"

"அப்பப்பா."

"சரி, சின்ன நயினார், இருங்கோ. நிலம் குளிருது, பாத்து."

இருந்தேன். குளிர்ந்தது.

"அம்மா சொன்ன சொல் அது," என்றார் கோப்பியை வாங்கிக்கொண்டு. "நான் சொல்லேல்லை. பத்து வயசில, சொல்லமாட்டன் எண்டு நிண்டு அடி வாங்கினனான்."

"ஆர் அடிச்சது?"

"ஆர், அம்மாதான். பயத்தில. அண்டைக்கும் சொல்லேல்லை, இண்டு வரைக்கும் சொல்லேல்லை. இஞ்ச வந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, மைக்குக்கு முன்னால நிண்டு சொல்லவோ?"

"அதுதான் மாத்திறன் எண்டு..."

"மாத்தினா நீங்கள் தப்பியிடுவியள்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இன்னும் ஒரு கரண்டி வேண்டுமா என்று பிள்ளைகளைக் கேட்கும் தொனி.

பிறகுதான் விஷயம் வந்தது. மலரின் மகளுக்கும் கூட வேலை செய்யும் பையனுக்கும் விருப்பம். பையனின் தாயும் தகப்பனும் வீட்டுக்கு வந்து, எல்லாம் பிடித்து, போகும்போது வாசலில் நின்று, "ஊரில எவடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் டவுன் என்றிருக்கிறார். அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ர பேர் போடவேண்டாம் எண்டு சரவணனிட்ட முதலே சொன்னனான். ஆனா குரலை ஒளிக்க ஏலாது. அந்தச் சொல்லை நான் நடிச்சுச் சொல்ல ஏலாதண்ணை. சொன்னா வீட்டில கேட்ட மாதிரித்தான் வரும். கேக்கிறவைக்கு உடன விளங்கியிடும், ஆரின்ர பிள்ளை எண்டு."

"மகளிட்டச் சொன்னனீரோ?"

"சொன்னனான். 'அம்மா, ஹூ கேர்ஸ்' எண்டுறாள். இஞ்ச பிறந்தது. கேக்கிற ஆக்கள் இருக்கினம் எண்டு அவளுக்குத் தெரியாது." கப்பைக் கசக்கினார். "வேற ஆரையும் பாருங்கோ, அண்ணை."

எழுந்து, பின்கதவால், பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் போக நினைத்தேன். நிலத்தில் உறைந்திருந்தேன்.

திருப்பிப் போடுங்கோ

அந்த வாரம் வசனம் முழுவதையும் திருத்தினேன். எல்லா நயினாரும் எசமான் ஆனார்கள். கையேட்டுக்கும் எனக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. படித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வேறு யாருக்கோ வேறெங்கோ நடந்த கதை போலவும் இருந்தது.

சனிக்கிழமை நானும் சரவணனும் வேறு குரல் யாரைப் பிடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது படியில் காலடி கேட்டது. மலர் வந்து கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றார்.

"மாத்தியாச்சோ?"

"ஓம், மாத்தியாச்சு."

"திருப்பிப் போடுங்கோ."

சரவணனிடம் இணைப்பு வாங்கித் தொடரின் எல்லா அங்கங்களையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "கடைசிக் காட்சி பாத்தனான். அதில நான் சொல்லவேண்டியது ஒண்டு இருக்கு. அதுக்கு முதல்ல இருந்து அந்தச் சொல் வேணும். இல்லாட்டிக் கடைசியில ஒண்டும் நடக்காது."

"மகளின்ர விசயம்?" என்றேன்.

"அது மகளின்ர விசயம்."

சரவணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நயினார்னா என்னாண்ணே? சாமி பேரா லா?"

"சாமியெண்டுதான் அவை தங்களை நினைச்சுக்கொண்டிருந்தவை," என்றார் மலர். "சிவப்பு லைட்டைப் போடுங்கோ, தம்பி."

போட்டார். திரையில் அவள் வெயிலில் தலை குனிந்தாள்.

"ஓம், நயினார்."

நான் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவன். கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் பணிவு இருந்தது. பணிவுக்குப் பின்னால் ஒரு கணக்கெடுப்பு இருந்தது: இவனுக்கு இன்று என்ன குணம், எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது போகலாம். நாலு எழுத்துக்குள் ஒரு மனுசி எதிரில் நிற்பவரை முழுக்க எடைபோட்டு வைத்துவிட்டாள். படியில் நிற்பவருக்குக் கேட்டது மரியாதை மட்டும்தான்.

உமக்கு

பதினாலு சனிக்கிழமை கழித்துக் கடைசிக் காட்சிக்கு வந்தோம்.

விடுதலைக்குப் பிறகு பல வருடம் சென்று அவள் அந்த மாளிகைக்கு வருகிறாள். கூரை இடிந்துவிட்டது. முதலாளி கிழவனாகி வாசலில் இருக்கிறான். ('ன்' போட்டுவிட்டேன். பேனா மறுத்தது, ஆனால் போட்டுவிட்டேன்.) அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அவள் சாதாரணமாக ஒரு வரி சொல்கிறாள். நான் எழுதியிருந்தேன்: "உங்களுக்கு என்னைத் தெரியவில்லையா?"

அந்த முதலாளிக்குக் குரல் நான்தான். குரலில் தேவையான அகங்காரம் இருக்கிறது, புதிதாகப் பயிற்சி தேவையில்லை என்று சரவணன் தெரிவு செய்திருந்தார். ஆகவே நானும் மலரும் எதிரெதிர் மைக்கில்.

"இதில 'உங்களுக்கு' எண்டு நான் சொல்லமாட்டன்," என்றார் மலர்.

"அப்ப 'உனக்கு' எண்டு போடுவம்."

"அது கோபம். கோபத்தில ஆரும் சொல்லலாம். அவளுக்குக் கோபம் முடிஞ்சுபோச்சு, முகத்தைப் பாருங்கோ."

பார்த்தேன். உண்மைதான்.

"வேற என்னதான் இருக்கு?" என்றேன், தமிழ் எழுதிப் பிழைப்பவன்.

"நீங்கள் என்னை நாலு மாசமாச் சொல்லுறதுதான்."

அப்போதுதான் என் மண்டைக்குள் விழுந்தது. முதல் நாளிலிருந்து நான் அவருக்கு 'நீர்'. அவர் எனக்கு 'நீங்கள்'. நான் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மலர் தாளைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உமக்கு என்னைத் தெரியேல்லை, என்ன?"

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரிடம் மழை வருமா என்று கேட்பதுபோல. கெஞ்சல் இல்லை, பழி இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு மனுசி ஒரு மனுசனைப் பார்த்துக் கேட்டாள், அவ்வளவுதான். அத்தனை கப்பலும் அத்தனை குதிரையும் அத்தனை தடித்த கையேடும் வைத்திருந்த ஆங்கிலக்காரனால் இதைச் செய்ய முடியவில்லை. அவனிடம் அந்தச் சொல் இல்லை. எங்களிடம் இருந்தது. எங்கள் கணக்கில் அவர் வாயால் மேல்நோக்கி ஒருபோதும் வரக்கூடாத சொல். எழுதியது நானில்லை என்பதில் எனக்கு வந்த சந்தோசம், இத்தனை வருடம் எழுதியதில் ஒருநாளும் வரவில்லை.

என் முறை. தாளில் "ஆர் நீ?" என்றிருந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"தெரியேல்லை. நீங்கள் ஆர்?"

"கட்," என்றார் சரவணன். "மாத்திட்டீங்கண்ணே. பேப்பர்ல 'நீ'ன்னு இருக்கு."

"இருக்கட்டும், இதுதான் நல்லாயிருக்கு," என்றேன். கண் கலங்கியிருந்தது. நல்லவனாகிவிட்ட சுகம்.

மலர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அந்தாள் மாறேல்லை அண்ணை. படத்தில மாத்தாதேங்கோ."

"மலர்..."

"'நீ' எண்டே சொல்லுங்கோ. நல்லாச் சொல்லுங்கோ. உங்களுக்கு வரும்."

நாலு டேக் எடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்து, "ஆர் நீ?" என்று நான் சொல்லவேண்டியிருந்தது. நாலாவது தடவை சரியாக வந்தது. என் அப்பப்பாவின் குரல் அச்சாக. மலர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

சரவணன் ஒலியைச் சேமித்துவிட்டு, பெயர்ப் பட்டியலைத் திறந்தார். "அக்கா பேர் வேணாம்னு சொன்னாங்கல்ல. 'குரல்: குழுவினர்'னு போட்டுடறேன்."

"வேண்டாம். என்ர பேரைப் போடுங்கோ," என்றார் மலர். "சின்னான் மலர்."

இந்த நாட்டில் எல்லாக் காகிதத்திலும் அவர் கணவருடைய பெயரோடுதான் இருக்கிறார். இது தகப்பன் பெயர். எங்கள் ஆட்கள் என்றால் சின்னத்தம்பி என்று வைப்பார்கள், சின்னையா என்று வைப்பார்கள். எங்கள் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு அவ்வளவு நீளம் விடமாட்டார்கள், நறுக்கித்தான் கொடுப்பார்கள். அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபிறகு யாழ்ப்பாணத்தான் எவனும் எவடம் என்று கேட்கத் தேவையில்லை. மகளின் வருங்கால மாமியாருக்கும் தேவையில்லை.

நான் மலரைப் பார்த்தேன். அவர் சரவணனுடைய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அறியாத ஈப்போக்காரர் இரண்டு விரலால் தட்டினார்.

"சின்னாண். சரியா?"

"இல்லைத் தம்பி." மலர் கதிரையை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மூண்டு இடத்திலயும் ரெண்டு சுழி. எழுத்தையும் இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்கோ."